ஏற்றத்துக்கு மட்டும் ஒரு இன்ஜின்

சின்னப்பையனின் வலது கால் ஆயிரத்து இருநூறு ரூபாய். அதில் எனக்கு நின்ற லாபம் அவ்வளவு.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கல்வராயன் மலைக்கு ஆள் ஏற்றும் தன் ஜீப்புக்குப் பெரிய இன்ஜின் கட்ட, சாமான் பொறுக்க வந்தான் சின்னப்பையன்; பேர்தான் அப்படி, ஆள் பெரியவன். பிஸ்டனும் கார்புரேட்டரும் எடுத்தது போக, கையிலிருந்த பணம், இன்ஜினுக்கு இழுவை கூட்டும் கேம்ஷாஃப்டுக்கோ பிரேக் செட்டுக்கோ ஒன்றுக்குத்தான் காணும்.

"இன்னாண்ணே எடுக்கறது?"

"கேம் போடுடா. ஏத்தத்துல பஸ்ஸே வழி வுடும்."

பிரேக்கில் எனக்கு நூறுதான் நிற்கும்; கேமில் ஆயிரத்து இருநூறு.

பெரிய இன்ஜின் பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும். அதை மிச்சம் பிடிக்க, மலை ஜீப்காரர்கள் இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விடுவார்கள்; அப்போது வண்டியைப் பிடிக்க பிரேக் மட்டும்தான். எனக்குத் தெரிந்ததுதான். அவனும் விட்டான். பழைய பிரேக் பிடிக்கவில்லை.

நேற்று ஒற்றைக் காலில் ஊன்றுகோலோடு வந்து பழைய பாக்கி ஐந்நூறை எண்ணி வைத்தான்.

"கணக்கு நேராயிடுச்சாண்ணே?"

"உன் பக்கம் நேராயிடுச்சுப்பா."