சந்துக்குள் நின்ற லாரி

மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே முதலாளி. அதுதான் வினையாகிப் போயிற்று.

மாப்பிள்ளையை அந்த லாரி கம்பெனியில் சேர்த்துவிட்டவரே மாமனார்தான். "நான் இருக்கேன், தைரியமா வாங்க" என்று, ஒழுங்காகச் சம்பளம் வந்துகொண்டிருந்த வேலையை விடச்சொல்லிக் கூட்டிவந்தார். இப்போது மாதக்கணக்கில் இருவருக்கும் சம்பளம் இல்லை. தன் சம்பளம் நின்றது அவருக்கு வயிற்றுப்பாடு. மாப்பிள்ளையின் சம்பளம் நின்றது மானப்பிரச்சினை. மகள் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூசினார்.

"அடுத்த லோடுக்குப் பணம் வரட்டும்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்த முதலாளி, போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். தொழிலாளர் அலுவலகத்தில் வேலைக்கு வைத்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். ரொக்கமாகக் கையில் வாங்கிய சம்பளத்துக்கு அத்தாட்சிக்கு எங்கே போவது? கடைசியில் கம்பெனி ஷெட்டிலும் பூட்டு தொங்கியது.

அன்று மாமனார், லோடு இறக்கிய லாரியை நேரே தன் வீட்டுச் சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சம்பளம் தராதவனின் வண்டியை மறித்து வைப்பது டிரைவர்கள் வழக்கம். பணம் வந்தால் சாவி போகும்.

"மாமா, பேசாம அவன் வீட்டு வாசல்ல போய் நாலு சத்தம் போட்டுட்டு வருவோம்" என்றார் மாப்பிள்ளை.

"அடுத்தவன் வாசல்ல நின்னு கத்துறது நம்ம குடும்பத்துல கிடையாது மாப்ள. இவ்வளவு பெரிய வண்டிய விட்டுட்டு எவனுக்குத் தூக்கம் வரும்? தன்னால வருவான் பாருங்க."

தினமும் காலையில் லாரியின் கண்ணாடியைத் துடைத்து வைத்தார். எதிர்வீட்டுக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "என்னண்ணே, எங்க வீட்டுத் துணி காஞ்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? அந்த லாரிக்கு ஒரு ஜன்னல் வச்சாவது குடுங்க, வெயில் வரட்டும்."

"ரெண்டு நாள் பொறுத்துக்கம்மா."

வந்தது முதலாளி இல்லை. கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியின் ஆட்கள்.

"அவரைத்தான் நாங்களும் தேடுறோம் பெரியவரே. தவணை கட்டியே வருஷமாகப் போகுது. வண்டி எங்களுது" என்று ஒருவன் காகிதத்தைக் காட்டினான். இன்னொருவன் கையில் மாற்றுச்சாவி இருந்தது.

"அப்ப எங்க சம்பளம்?"

"அது நீங்களும் அவரும் பேசிக்க வேண்டியது."

தன்னுடையதல்லாத வண்டிக்காக அந்த முதலாளி எப்படி வருவான்? மாமனாரின் இடுப்பில் சாவி வெறும் இரும்பாகக் கனத்தது.

அவர்கள் கூட்டிவந்த டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தான். சந்து குறுகல். லாரியின் பின்மூலை எதிர்வீட்டுச் சுவரை உரசப்போனது. "ஐயோ, என் சுவரு!" என்று எதிர்வீட்டுக்காரி அலறியதும் பிரேக்கை மிதித்து இறங்கிவிட்டான்.

"பெரியவரே, உள்ளே கொண்டாந்தவர் நீங்க. நீங்களே வெளிய எடுத்துக் குடுத்துடுங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தன்னால் அயல்வீட்டுச் சுவர் இடிந்தது என்ற பேச்சையும் சேர்த்துச் சுமக்க அவரால் ஆகாது. ஏறி உட்கார்ந்தார்.

"வரலாம்... வரலாம்... லெப்ட்ல ஒடிங்க மாமா..." பின்னால் நின்று மாப்பிள்ளை குரல் கொடுத்தார். ஒரு கீறல் விழாமல் லாரி பெருந்தெருவுக்கு வந்து சேர்ந்தது.

இறங்கியதும் பைனான்ஸ்காரன் ஒரு நோட்டை நீட்டினான். "கைச்செலவுக்கு வச்சுக்கோங்க."

மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் கேட்டது என் சம்பளத்தை. இனாம் இல்ல."

நீட்டிய கை அப்படியே நின்றது. லாரிக்குப் பின்னாலிருந்து புழுதியோடு வந்த மாப்பிள்ளை அந்த நோட்டை வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாமனாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ளைக்குப் பால் வாங்கணும் மாமா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கடைப்பக்கம் நடந்தார்.