தவளக்குப்பம் தாண்டாத கரி பஸ்

காலையில் புதுச்சேரியில் கிளம்பிப் பாகூர் போகும் கரி பஸ், அரியாங்குப்பம் பாலம் வரை சிட்டாகப் பறக்கும். தவளக்குப்பம் நெருங்கியதும் மூச்சு வாங்கும். அந்த ஊரைத் தாண்டுவதற்குள் நின்றே போகும். அதே கரி, அதே எஞ்சின், அதே சாலை. பின் ஏன் சரியாக அங்கே வந்து படுத்துக்கொள்கிறது? நடேசனுக்குப் பிடிபடவே இல்லை. கரி போட்டு நெருப்பைக் கவனிப்பது அவன் வேலை என்பதால் பழி முழுக்க அவன் தலையில்தான் விழுந்தது.

அது யுத்த காலம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து பஸ்கள் கரிக்கு மாறியிருந்தன. கரி பஸ் ரயிலைப் போல நீராவியில் ஓடுவதாகப் பலர் நினைத்தார்கள். அப்படியல்ல. பஸ்ஸின் முதுகில் ஆளுயர இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதில் கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு மூட்டி, மேலே மூடியை இறுக்கிவிடுவார்கள். காற்று தாராளமாகக் கிடைத்தால் கரி எரிந்து சாம்பலாகிவிடும். காற்றை அளந்து கொடுத்தால், அரைகுறையாக எரிந்து ஒருவகை வாயுவைக் கக்கும். அந்த வாயுவும் எரியக்கூடியது. எஞ்சின் அதைக் குழாய் வழியாக உறிஞ்சித்தான் ஓடுகிறது. சுருட்டுப் பிடிப்பது போலத்தான். சுருட்டின் நடுவில் ஓட்டை விழுந்துவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் புகை வருமா? உருளையிலும் அடித்துளையைத் தவிர வேறெங்கும் காற்று நுழையக் கூடாது. காற்றுப் புகாதபடி மூடிக்கடியில் வைக்கும் சீமை வளையம் யுத்தத்தால் கிடைக்கவில்லை. அதனால் நடேசன் தினமும் மூடியைச் சுற்றிக் களிமண் அப்பினான்.

அன்று அப்பி முடித்ததும் முதலாளி சுப்புராயனிடம் போய் நின்றான். பாகூரில் அவன் அக்கா அம்சவள்ளியின் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் குழந்தை உட்காராமல் ஆசாரி ஊசியைத் தொடமாட்டார். அந்தக் குழந்தைக்கு இருக்கும் ஒரே மாமன் இவன்தான். உச்சிப் பொழுதுக்குள் முகூர்த்தம்.

"லீவா? தெனம் நடுரோட்டுல பஸ்ஸ நிறுத்தறவனுக்கு லீவு ஒரு கேடா? பாகூர் போன கையோட திரும்பணும்."

"ஒரு பொழுதுதான் மொதலாளி..."

"ஒரு நிமிசம் கூடக் கெடையாது."

நடேசன் கரி கிளறும் கம்பியை அவர் காலடியில் வைத்தான். "அப்ப லீவும் வாணாம், வேலையும் வாணாம். நல்லா இருங்க."

கைகால் கழுவி, டிக்கெட் வாங்கிக்கொண்டு, அதே பஸ்ஸில் பயணியாகப் போய் உட்கார்ந்தான். பாகூருக்கு வேறு பஸ் ஏது? அவன் இடத்துக்கு அந்த நேரத்தில் ஆளும் கிடைக்கவில்லை. முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பியோடு பின்படியில் தொற்றிக்கொண்டார்.

"மொதலாளி, வெள்ள வேட்டி! பத்திரம்!" என்று டிரைவர் மரியதாஸ் முன்னாலிருந்து கத்த, பஸ்ஸே சிரித்தது.

தவளக்குப்பம் வந்தது. பஸ் இருமியது, குலுங்கியது, நின்றது.

எல்லோரும் நடேசனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தான்.

எதிரில் கத்தரிக்காய்க் கூடையோடு இருந்த ஆண்டாள் சும்மா விடவில்லை. "ஏம்பா கரிக்காரரே, எறங்கிப் பாக்கறதுதானே?"

"நான் டிக்கெட்டு வாங்கனவன்மா. வண்டி ஓடறது அவங்க பாடு."

"அது சரி. மாமன் இங்க வெயில் காயட்டும். கொழந்த அங்க மூளிக்காதோட ஒக்காந்துனு இருக்கட்டும்."

அது சுருக்கென்று தைத்தது. நடேசன் இறங்கிப் பின்பக்கம் போனான்.

வழக்கமாக பஸ் நின்றதும் அவன் செய்கிற முதல் வேலை, தாவி ஏறி மூடியைத் திறந்து கரியைக் கிளறுவதுதான். இன்று முதலாளி படியில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. தரையில் நின்று அண்ணாந்து பார்த்த நடேசனுக்கு, மூடியைச் சுற்றி நூல் நூலாகப் புகை கசிவது தெரிந்தது. களிமண் காய்ந்து, கோடைக்கால ஏரியைப் போல வெடித்திருந்தது.

"தொறக்காதீங்க மொதலாளி!"

"வேலைய வுட்டவன் எனக்கு யோசன சொல்றியா?"

"வெடிப்பப் பாருங்க! கெளம்பறப்ப மண்ணு ஈரமா இருக்குது, நல்லா ஓடுது. இங்க வர்றதுக்குள்ள சூட்டுல காஞ்சி வெடிச்சிடுது. அது வழியா காத்து பூந்து வாயுவ உள்ளயே எரிச்சிடுது. தெனம் நானே தொறந்து வெடிப்ப ஒடச்சிட்டு, புது மண்ணு அப்பியிருக்கேன். அப்புறம் எங்க கண்ணுல படும்?"

ஜன்னலிலிருந்து ஆண்டாள் எட்டிப் பார்த்தாள். "வெறும் மண்ணா அப்புன? நெல்லுக் குதிரு வாய மூடறப்ப உமியும் சாணியும் போட்டுப் பிசையறோமே, அது இன்னா அழகுக்கா?"

நடேசன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் வீட்டுக் குதிருக்கும் அப்படித்தான் பூசுவார்கள். மண்ணிலிருந்து நீர் போகும்போது மண் சுருங்கும், சுருங்குவதால் வெடிக்கும். நடுவில் உமி கிடந்தால் மண்ணும் அவ்வளவு சுருங்காது, விழுகிற வெடிப்பும் நீளாது. சாணியிலுள்ள நார் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

அறுவடை முடிந்த மாசி மாதம் என்பதால் பக்கத்துக் களத்து வீட்டில் உமிக்குப் பஞ்சமில்லை. சாணியை முதலாளியே அள்ளி வந்தார். நடேசன் பிசைந்து அப்பினான். பஸ் தவளக்குப்பத்தைத் தாண்டியது. கிருமாம்பாக்கத்தையும் தாண்டியது. பாகூரில் அது நிற்பதற்கு முன்பே நடேசன் குதித்துக் கோயிலுக்கு ஓடினான்.

"வந்துட்டான்டி ஒன் மாமன்!" என்று அம்சவள்ளி குழந்தையை அவன் மடியில் போட்டாள். குழந்தை வீறிட்டது. இரண்டு காதிலும் பொன் மின்னியது.

பந்தியில் முதலாளி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நகக்கண்ணில் சாணி இன்னும் போகவில்லை.

"நாளைக்கு வேலைக்கு வந்துடு."

"நாளன்னிக்கு வரேன். அக்கா வுடமாட்டா."

"அப்ப நாளைக்கு யாருய்யா மண்ணு அப்பறது?"

"நீங்கதான். கேட்டுக்குங்க: களிமண்ணு ரெண்டு பங்கு, உமி ஒரு பங்கு, சாணி ஒரு உருண்ட. நல்லாப் பிசைஞ்சி, மூடியச் சுத்தி ஒரு வெரலு கனத்துக்கு அப்பி, மேல ஈரச்சாக்கு போட்டு மூடுங்க. பாகூர் வர்ற வரைக்கும் மூடியத் தொறக்காதீங்க."