தேக்கு ஊதலின் மேல்தோல்

…எண்ணெய் உரியாதே, மரத்துக்குள்ளே இறங்கிவிடுமே, அப்புறம் நகத்தோடு வந்திருக்கும் இது என்ன, வெங்காயச் சருகுபோல மெல்லிசாக… ராமையா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காடையைக் கூவி வரவழைக்கும் தேக்கு ஊதல், அவர் கடைந்தது, அடியில் மூன்று கீற்று, அப்பா தேர்ச்சக்கரத்தில் வெட்டிய அதே குடும்ப முத்திரை, அதன்மேல் யார் லாக்கர் வார்னிஷ் அடித்தது? சற்றுமுன் முதலாளி சயீத் அர்பாப் இரண்டு ஊதல்களை மேசையில் போட்டுவிட்டுப் போனாரே, "ஹாதா ஜேன், தீன் சால். ஹாதா மாஃபி ஜேன்" என்று; இது நல்லாருக்கு, மூணு வருஷமாச்சு, அது சரியில்லையாம். மூன்று குளிர்காலம் ஊதியது இன்னும் பளபளக்கிறது, போன வருஷத்தது எச்சில் ஊறி, வாய் உப்பி, நார் எழுந்து கிடக்கிறது. வேட்டைக்கு வரும் விருந்தாளிகளுக்குப் பத்து வேண்டுமாம், நல்லதைப் போலவே. நல்லதைப் போல! இரண்டுக்கும் ஒரே ஆளிவிதை எண்ணெய்தானே பூசினேன், மரத்தைப் பூச்சால் மூடுகிற வழக்கம் நம் வீட்டில் உண்டா?

மணிமாறன்தான், வேறு யார், எண்ணெய் காய்ந்தபின் பொட்டலம் கட்டிக்கொடுப்பது அவன்தானே. தங்கை மகன் என்று விசா எடுத்து அல் ஐனுக்குக் கொண்டுவந்தேனே… முதல் ஊதல் கடைந்த அன்றைக்கே கேட்டான், "மாமா, வாயில வைக்கிற சாமான், மேல ஒரு கோட் லாக்கர் குடுத்தா தண்ணி எறங்காதுல்ல?" என்று. "ஒங்கப்பன் கட்டில் செஞ்ச லட்சணத்தப் பாத்தவன்டா நான்" என்றதும் வாயை மூடிக்கொண்டான். வாயைத்தானா மூடினான்? நான் டீக்குப் போகும்போதெல்லாம் என்ன செய்தான்? கேம்ப்பில் நாலு பேர் முன்னால் "மாமா வேலைன்னா வேலைதான்" என்பானே, அது புகழ்ச்சியா, கேலியா? ஊதலைக் கெடுத்து என் முகத்தில் கரி பூசவா… ஆனால் கெட்டது இது இல்லையே. கெட்டதில் நகம் வைத்தால் ஒன்றும் உரியவில்லை, வெறும் எண்ணெய். அது எப்போது செய்தது, போன வருஷம் ஐப்பசியில், மகளுக்குக் காதுகுத்து என்று அவன் லீவில் போயிருந்தபோது. அதை நானேதான் காயவைத்தேன், நானேதான் கட்டினேன்… அது ஒன்றுதான் கெட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

"என்ன மாமா, திரும்பிருச்சா?" மணிமாறன் துணியில் கையைத் துடைத்தபடி வந்தான். நகக்கண்ணில் லாக்கர், கதவுக்கு அடித்ததாகவும் இருக்கலாம்.

"ம். அர்பாபுக்கு இன்னும் பத்து வேணுமாம்."

"எண்ணெய்தானே மாமா?"

அவன் முகத்தில் சிரிப்பு இருந்ததா? இல்லை. இல்லாததுதான் சந்தேகமாக இருந்தது.

"பின்ன? நம்ம வீட்டுல வேற என்ன பூசுவாக?" உரிந்த சருகைக் கைக்குள் மூடிக்கொண்டார். "நான் பூசித் தர்றேன். காயவச்சுக் கட்டுறது ஒன் பாடு. அந்தப் பக்கம் நான் வரமாட்டேன்."

அவன் ஏறிட்டுப் பார்த்தான். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு டீக்கு நடந்தார். வாசல் வெயிலில் கையை விரித்தால் சருகிலும் அச்செடுத்ததுபோல மூன்று கீற்று, கண்ணாடிபோல, துல்லியமாக… மரத்தில் வெட்டியது நான், இது யார் வெட்டியது?