அதிசய அலமாரியின் சாவி

ஜன்னல் திட்டில் இருந்த இருபத்திரண்டு தீப்பெட்டிகளையும் காணோம். மழலை வகுப்பு டீச்சருக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது.

பிள்ளைகள் வழியில் கண்ணில் பட்டதை அவற்றில்தான் போட்டு வைப்பார்கள். நத்தை ஓடு, பேனா ஸ்பிரிங், பாதிப் பொத்தான். வாண்டு என்கிற குட்டிப்பெண்ணின் பெட்டியில் ஒரு வண்டின் இறக்கை. "வெயில்ல பச்சை, நிழல்ல நீலம் டீச்சர்!" என்று அவளே கண்டுபிடித்திருந்தாள்.

"அந்தக் குப்பையா? பின்பக்கத் தொட்டியில போடச் சொல்லிட்டேன்," என்றார் தலைமையாசிரியை. "இன்னிக்கு 'சின்னஞ்சிறு அதிசயங்கள்' அலமாரி திறப்பு விழா. பள்ளிக் கமிட்டித் தலைவர் முன்னாடி மானத்தை வாங்காதம்மா."

பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் கடையில் வாங்கிய இருபத்திரண்டு கூழாங்கற்கள், அச்சில் வார்த்ததுபோல். ஒவ்வொன்றின் கீழும் 'நானே கண்டெடுத்தேன்' என்று ஒரு சீட்டு.

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். சின்னச் சின்ன உயிர்களைக்கூடப் பிள்ளைகள் உற்றுப் பார்க்க வேண்டும் என்று தாளிலிருந்து தலை தூக்காமல் படித்தார். தாளில் ஓர் எறும்பு ஊர்ந்தது. கட்டைவிரலால் நசுக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

முன்வரிசைப் பிள்ளைகள் 'ஐயோ' என்றார்கள்.

பேச்சு முடிந்ததும் அவர் வாண்டைக் கூப்பிட்டார். "இந்தக் கல்லை எங்க கண்டெடுத்தே கண்ணு?"

"நான் எடுக்கல. அட்டைப்பெட்டியில வந்துச்சு. என் இறக்கையத்தான் பெரிய மிஸ் தொட்டியில போட்டுட்டாங்க."

"ரொம்ப சுட்டி சார்," என்று தலைமையாசிரியை இளித்தார். திரும்பி, "அவ வாயை மூடு," என்று டீச்சரிடம் சீறினார்.

அவ்வளவுதான். "வாங்கடா செல்லங்களா," என்று டீச்சர் எழுந்தார். இருபத்திரண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். தொட்டி கவிழ்ந்தது. மதிய எச்சிலுக்கு நடுவே பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. வாண்டின் பெட்டி நசுங்கியிருந்தது. இறக்கை இரண்டு துண்டு. அவள் அழவில்லை. இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் டீச்சருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் தலைவரும் போட்டோக்காரரும் வந்துவிட்டார்கள். "அருமை!" என்றார் தலைவர். "அப்படியே குனிஞ்சிருங்க, ஒரு படம் எடுத்துக்கலாம்."

"எல்லாம் எங்க ஏற்பாடுதான் சார்," என்றார் தலைமையாசிரியை, கூசாமல்.

டீச்சர் கையை நீட்டினார். "அப்ப அலமாரிச் சாவியைக் கொடுங்க."

போட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியையால் மறுக்க முடியவில்லை.

கூழாங்கற்கள் தொட்டிக்குள் சடசடவென்று விழுந்தன. எச்சில் நாற்றத்தோடு தீப்பெட்டிகள் கண்ணாடிக்குள் ஏறின.

"சீட்டையாவது எடுத்துடு," என்று பல்லைக் கடித்தார் தலைமையாசிரியை.

"எதுக்கு? இப்பதானே அது உண்மையாச்சு."

சாவியை டீச்சர் திருப்பிக் கொடுக்கவில்லை.