அரைக்கட்டை

அக்காவுக்குத் தெரியாமல் தம்புராவின் சுருதியை அரைக்கட்டை இறக்கினேன். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். செய்யும்போது தந்தியை முறுக்கும் பிருடையைத் திருப்ப முடியாமல் விரல் வழுக்கியது, அவ்வளவு வியர்வை.

அக்கா பாடகி. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டுவது நான். அவள் கச்சேரியில் முதல் பாதி ராகம், கீர்த்தனை. இரண்டாம் பாதி தாலாட்டு, தெம்மாங்கு என்று நாட்டுப்பாட்டு. ஆரம்பத்தில் இரண்டு தரப்பும் முகம் சுளித்தது. கச்சேரி ரசிகர்கள், "நாட்டுப்பாட்டுல அவங்கள அடிச்சுக்க ஆளில்ல" என்பார்கள். நாட்டுப்பாட்டுக்காரர்கள், "கச்சேரியில பெரிய ஆளு" என்பார்கள். அவரவர் வாசலுக்குள் மட்டும் விட மாட்டார்கள். அக்கா சளைக்கவில்லை. பாடிப் பாடி, கடைசியில் இரண்டு கூட்டத்தையும் ஒரே அரங்கில் உட்கார வைத்தாள். அதற்குள் தலை நரைத்துவிட்டது.

இப்போது குரல் உடைகிறது. உச்சத்தில் போய் நிற்கும்போது சட்டென்று கிழிந்து, காற்று மட்டும் வருகிறது. முதல் தடவை இருமுவது போல மழுப்பிவிட்டாள். இரண்டாவது தடவை யாரோ ஒரு புண்ணியவான் செல்போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினான். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள், "இன்னொரு தடவை உடைஞ்சா அப்படியே எந்திரிச்சு வந்துடுவேன். அப்புறம் மேடை ஏற மாட்டேன்." சொன்னால் செய்கிறவள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எந்த உயரத்தில் நின்று பாடுவது என்பதைத்தான் நாங்கள் கட்டை என்போம். வயதானால் அதைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வது எல்லாரும் செய்வதுதான். அக்காவிடம் அதை யார் சொல்வது? பழைய வயலின்காரர் சொன்னார். அதனால்தான் அவர் பழைய வயலின்காரர். ஆகவே புது வயலின்காரரும் மிருதங்கக்காரரும் நானும் ஒப்பனை அறையில் திருடர்களைப் போலக் கூடிப் பேசினோம். மின்சாரச் சுருதிப் பெட்டியை அக்கா மேடையில் விடுவதில்லை, "டப்பா சத்தம்" என்பாள். தம்புராவைச் சேர்ப்பது என் வேலை. நான் சேர்த்த பிறகு அவள் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் கை வைத்தேன்.

"கண்டுபிடிச்சுட்டாங்கன்னா?" என்றார் வயலின்காரர்.

"முதல்ல என் தலைதான் உருளும். உங்களுக்கு அதுக்கப்புறம்தான்."

"இத அவங்க பார்த்துட்டா என்னம்மா சொல்றது?" என்றார் மிருதங்கக்காரர். தாழ்ந்த சுருதி மிருதங்கத்தைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

திரை விலகியது. நான் மீட்டத் தொடங்கியதும் அக்காவின் முதுகு லேசாக நிமிர்ந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. இதோ திரும்பப் போகிறாள், இதோ திரும்பப் போகிறாள் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. பாடினாள். மேலே ஏறி, வழக்கமாக உடையும் இடத்துக்குப் போனாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். குரல் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அரங்கம் கைதட்டியது. மிருதங்கக்காரர் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

இடைவேளையில்தான் உறைத்தது. நாட்டுப்பாட்டுக்குத் தம்புரா கிடையாது. அக்கா எழுந்து நின்று, தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுவது போல முதலில் ஒரு குரல் கொடுப்பாள். அதற்கு முன்னால் எந்தச் சுருதியும் ஒலிக்காது. அது அவள் உடம்பிலிருந்து வருவது, இத்தனை வருடமாக ஒரே உயரத்தில். அது முடிந்த பிறகுதான் வயலினும், மிருதங்கக்காரர் கையிலெடுக்கும் டோலக்கும் சேரும். அதாவது, அவள் பழைய உயரத்தில் குரல் கொடுப்பாள், வயலின் அரைக்கட்டை கீழே வந்து இளிக்கும். அதற்கு முன்பே அந்த உயரத்தில் குரல் உடைந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. மூன்று பேர் கூடிப் பேசியும் ஒருவர் மூளைக்கும் இது எட்டவில்லையே!

வயலின்காரரைத் தேடி ஓடினேன். மேடைக்குப் போய்விட்டிருந்தார். அக்கா வெந்நீரைக் குடித்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். "அக்கா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை.

மேடை ஓரத்தில் நின்று பார்த்தேன். அக்கா மூச்சை இழுத்தாள்.

குரல் வந்தது. பழைய உயரத்தில் இல்லை. நான் இறக்கிய சுருதியிலும் இல்லை. அதற்கும் அரைக்கட்டை கீழே. வயலின்காரர் வில்லைத் தூக்கியபடி திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கம் பார்க்காமலே வேண்டாம் என்று கையசைத்தாள். டோலக் மட்டும் சேர்ந்தது. பாட்டு முழுவதையும் அப்படியே பாடி முடித்தாள். இது ஏதோ புதுமை என்று நினைத்து ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். அடுத்த பாட்டுக்குள் வயலின்காரர் அவசர அவசரமாகத் தந்தியை இறக்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் அக்கா ஒப்பனை அறைக்கு வந்து கதவைத் தாழிட்டாள். பளாரென்று விழப்போகிறது என்று நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எப்பக்கா தெரிஞ்சது?"

"நீ மீட்டினதுமே. நான் என்ன செவிடா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "இறக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரலடி. நீயா செய்ய மாட்டியான்னு ரொம்ப நாளா பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"ஆனா அரைக்கட்டை பத்தாது. மேல நின்னப்ப எப்படி இழுத்துப் பிடிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். அடுத்த தடவை முழுசா ஒரு கட்டை இறக்கு."

"சரிக்கா."

"அதுவும் பத்தலன்னா?"

அக்கா என்னிடம் யோசனை கேட்டதே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. வெறும் அரைக்கட்டைக்கா இத்தனை பயந்தேன் என்று இருந்தது எனக்கு.

"இன்னும் இறக்கலாம்க்கா."

"எதுவரைக்கும்டி?"