பிரிவு உபசாரக் கழுகு

வீட்டில் அவளுக்கு மரவட்டை என்று பேர். வைத்தவர் அப்பா. எந்நேரமும் மரத்தோடு கிடக்கிறாள், தொட்டால் சுருண்டுகொள்கிறாள் என்று இரண்டையும் சேர்த்து அவர் கண்டுபிடித்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் விளக்கத்தோடு சொல்லிச் சிரிப்பார். முப்பத்தாறு வயதிலும் அந்தப் பேருக்குத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கூடம் ஒன்றில் அவளுடைய பட்டறை. மரம் செதுக்கும் ஒரு சி.என்.சி. ரூட்டர், ஒரு கணினி, தூசி உறிஞ்சும் குழாய், சுவர் நெடுக மான், ஆந்தை, கரடி, ஓநாய். கணினியில் அவள் உருவத்தை மேடு பள்ளத்தோடு அமைத்துக் கொடுத்தால், இயந்திரம் பலகைமேல் வரி வரியாக ஓடிச் செதுக்கும். முதல் ஆந்தை முடிந்ததும் அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "பட்டனைத் தட்டினது நீ, செதுக்கினது மெஷின். இதுல பெருமைப்பட வேண்டியது கரண்டு ஆபீஸ்காரன்" என்றார். அதற்குப் பிறகு அவள் எதையும் காட்டியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, தட்டச்சு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பட்டறைக்கு வந்தாள்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ரிட்டயர் ஆகறார், அக்கா. சுவத்துல மாட்டற மாதிரி ஒரு பறவை செஞ்சு தரணும்."

"என்ன பறவை?"

"பிணந்தின்னிக் கழுகு." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "நாங்க அவருக்கு வெச்ச பேரு. மேடையில கேட்டா, கூர்மையான பார்வைக்காகக் கழுகுன்னு சமாளிச்சுக்குவோம். ஆனா பார்த்ததும் அவர்தான்னு எங்க நாப்பது பேருக்கும் தெரியணும்."

பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "எங்கம்மா செத்த அன்னைக்கு லீவு கேட்டேன், அக்கா. செத்தவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க, ஃபைலை முடிச்சுட்டுப் போன்னார். முடிச்சுட்டுத்தான் போனேன்."

கைப்பேசியில் இருந்த படத்தை நீட்டினாள். தலையை முன்னால் தள்ளி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக யாரையோ பார்த்துக்கொண்டு, அப்பா உட்கார்ந்திருந்தார்.

'இது எங்கப்பா' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"பக்கவாட்டுல எடுத்த படம் இருக்கா?"

கழுகை முடிக்க எட்டு நாள் ஆயிற்று. வழக்கமாக விலங்கின் உருவத்தை விலைக்கு வாங்கி, அங்கே இங்கே திருத்திக்கொள்வாள். இதை முதலிலிருந்து தானே செய்தாள். கழுத்தைப் படத்தில் இருந்ததைவிட ஒரு விரல்கடை நீட்டினாள். இடது தோளைச் சற்றுத் தூக்கினாள். குறை சொல்லப் போகும்போது அப்பாவின் கண்ணிமை பாதி இறங்கும், அதையும் இறக்கினாள். படம் அவளுக்குத் தேவைப்படவே இல்லை. வெட்டும் முனையான தடித்த பிட் தேக்கைக் கடித்து எறிந்தபிறகு உருண்டை முனை பிட்டை மாட்டிவிட்டு, மெல்ல மெல்ல அவர் எழுந்து வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். இத்தனை வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் செய்ததில்லை.

கடைசி நாள் ஒன்றைச் சேர்த்தாள். அப்பாவின் பின்கழுத்தில், சட்டைக் காலருக்குக் கீழே, கட்டியை அறுத்து எடுத்த தழும்பு ஒன்று உண்டு. கழுகின் மொட்டைக் கழுத்து இறகுக்குள் புதையும் இடத்தில் அதைச் சின்ன உளியால் கையாலேயே குழித்தாள். அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தாள்.

பிரிவு உபசார விழாவில் அம்மாவையும் அவளையும் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். தட்டச்சுக்காரி பொட்டலத்தோடு மேடையேறியபோதுதான் குடும்பத்தார் வரிசையில் அவளைப் பார்த்தாள். படியிலேயே நின்றுவிட்டாள். பின்னாலிருந்து யாரோ "போ, போ" என்று தள்ளினார்கள்.

அப்பா காகிதத்தைப் பிரித்தார். பின்வரிசைகளில் இருமல்கள் கிளம்பின. ஒருவன் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டான். அப்பா பலகையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார். கழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அந்தக் குழியை இரண்டு முறை தடவினார். பிறகு தலையைத் தூக்கி முதல் வரிசையைப் பார்த்தார்.

அந்த முகம் உடைய வேண்டும் என்று எட்டு நாள் காத்திருந்தாள். அது உடையவில்லை.

அவர் மைக்கைக் கையில் எடுத்தார். "இந்தப் பரிசைச் செஞ்சது யாருன்னு உங்களுக்குத் தெரியாது. என் பொண்ணு. அதோ உட்கார்ந்திருக்கா. எழுந்திரும்மா, எல்லாரும் பார்க்கட்டும்."

இருமல்கள் நின்றன. அவள் எழுந்தாள்.

"பெத்த அப்பனை நல்லாப் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கா. நீங்க நாப்பது பேரும் இருபது வருஷமாப் பார்க்காததை எல்லாம் இதுல பார்த்து வெச்சிருக்கா. கைதட்டுங்க."

கைதட்டினார்கள். தட்டச்சுக்காரி தரையைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். அம்மா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரே ஆணி அடித்துச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே அதை மாட்டினார். அம்மா தள்ளி நின்று பார்த்தாள்.

"கொஞ்சம் உங்க ஜாடை இருக்கு, இல்ல?"

"கொஞ்சமா?" என்றார் அப்பா.

அவள் அவரிடம் ஏதாவது சொல்ல நினைத்தாள். "அப்பா, நான்…" என்று ஆரம்பித்தாள். "சாப்பிடு, ஆறிடும்" என்றார். திட்டவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் திட்டவில்லை. யார் வந்தாலும் மேசைக்கு அழைத்துப்போய், "என் பொண்ணு எனக்காகச் செஞ்சது" என்று காட்டி, அவளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். வந்தவர்கள் கழுகையும் பார்த்து அவரையும் பார்த்து, என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தார்கள். அவர்கள் எதையாவது சொல்லி முடிக்கும்வரை அவளும் நிற்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் பட்டறைக் கதவைத் திறந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். கையில் மடக்கு நாற்காலி.

"வீட்டுல சும்மா உட்கார்ந்து என்ன பண்றது? உன் வேலையை நான் ஒழுங்காப் பார்த்ததே இல்லையே."

ரூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். தூசிக்கு முகத்தில் துணி கட்டிக்கொண்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். இயந்திரத்தில் அன்று மான்குட்டி ஒன்றைச் செதுக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது, ஒரு குழந்தையின் அறைச் சுவருக்காக யாரோ கேட்டது. காதும் நெற்றியும் முடிந்து கண் உருவாகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியைக் கீழே இறக்கிவிட்டு, குனிந்து, அக்கறையோடு கேட்டார்.

"இது யாரு?"