பெயர் கூப்பிடும் கம்பம்

விடியலிலேயே அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் சிமெண்டு மூட்டை சுமந்து அமுதத்தின் பிடரி எரிந்தது. வியர்வையில் குழைந்த தூள் கழுத்தில் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. எரிச்சல் அதனால் மட்டுமல்ல. அன்றும் அவள் புருஷன் லூர்துநாதனின் பெயரைக் கம்பம் கூப்பிடவில்லை.

அந்த ஒலிபெருக்கிக் கம்பத்தை நட்டவர்களே இந்தக் கூலிகள்தான், என்னத்தைச் சொல்ல! முன்பெல்லாம் இருட்டோடு எல்லாரும் மைதானத்தில் கூடுவார்கள். மேஸ்திரி ஆள் பொறுக்குவார். இனி மழையில் நனையவேண்டாம், குடிசையில் இருந்தபடியே பெயர் கேட்கலாம், நடுவே சினிமாப் பாட்டும் உண்டு என்றார் காண்ட்ராக்டர் சிவஞானம். பூரித்துப்போய் லூர்துநாதனே மேலேறி ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினான். பிறகு மைதானம் வெறிச்சோடிப் போயிற்று. அவரவர் பெயர், அவரவர் காது. யார் விடுபட்டார் என்று பார்க்க ஆளில்லை.

போன மாதம் மூட்டைகளைக் கட்டித் தூக்கும் இற்றுப்போன கயிறு அறுந்து, கூட வேலை செய்த அருள்நாதனின் கால் நசுங்கியது. "புதுக்கயிறு வராம மூட்டை தூக்கமாட்டோம்" என்றான் லூர்துநாதன். அன்றோடு அவன் பெயர் நின்றது. வேலையில்லாதவனுக்குக் காண்ட்ராக்டர் கொடுத்த குடிசையும் கிடையாதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யவேண்டும். பாவி மனுஷன் வெட்கப்பட்டுக்கொண்டு பக்கத்துக் குடிசையில்கூட வாய் திறக்கவில்லை.

மறுநாள் குழாய் கத்தத் தொடங்கியதும் அமுதம் கதவு கதவாகத் தட்டினாள்.

"எம் புருஷன் பேரு வரல, காதுல விழுந்துச்சா? நாளைக்கு விட்டுப்போறது ஒங்க பேருதான்!"

மைதானத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம்தான்; தமிழர், தெலுங்கர், இரண்டு வங்காளிகள். லூர்துநாதனை இழுத்து நடுவில் உட்காரவைத்தாள். குழாய் அவர்கள் பெயரைக் கூவிக் கூவி ஓய்ந்தது. கடைசியில் சிவஞானமே இறங்கி வந்தார்.

"க்யா தமாஷா இது? சலோ, வேலைக்கு சலோ!"

"இவரு பேரையும் கூப்பிடுங்க மொதலாளி. புதுக்கயிறு குடுங்க. வர்றோம்."

"ராஞ்சி ஆளுங்க கப்பல்ல வந்தாச்சு. ஒங்கள மெயின்லேண்டுக்கே ஏத்தி விட்டுடுவேன், தெரிஞ்சுக்க!"

அது பொய்யில்லை. துறையில் புது ஆட்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். இதில் ஜெயிக்கப்போவதில்லை என்று அமுதத்துக்கே தோன்றிவிட்டது.

குழாய் மறுபடி "பழனிசாமி" என்றது. பிள்ளைகுட்டிக்காரன். தலையைக் குனிந்தபடி எழுந்து நடந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. துறைமுக வாசல்வரை போனவன் அங்கேயே நின்றான். பிறகு திரும்பி வந்தான்.

"பயமாயிருக்குக்கா."

"எனக்குந்தான்டா. உக்காரு" என்று அமுதம் நகர்ந்து இடம் விட்டாள்.